தள்ளணும், இழுக்கக் கூடாது

தள்ளணும், இழுக்கக் கூடாது, தள்ளணும் என்று வசுமதி மனசுக்குள் சொல்லிக்கொண்டே இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். சொல்லச் சொல்ல எது தள்ளுவது, எது இழுப்பது என்பதே குழம்பியது. ஒரே வார்த்தையைப் பத்து தடவை சொன்னால் அது வார்த்தையாகவே இல்லாமல் போய்விடுகிறதே, அந்த மாதிரி. தலைக்கு மேலே ஆரஞ்சு நிறக் கைட், ஆளைக் கடல்மேல் இழுத்துக்கொண்டு ஓடுகிற பெரிய பட்டம், ஆடிக்காற்றில் படபடத்துக்கொண்டு நின்றது. அதன் நான்கு நூல்களும் இறங்கி வந்து அவள் கையிலிருந்த பாரில் சேர்ந்தன. பார் என்றால் வேறொன்றும் இல்லை, சைக்கிள் ஹேண்டில்பாரை நிமிர்த்தி நேராக்கினால் வருகிற ஒரு தடிதான். நடுவிலிருந்து ஒரு பிளாஸ்டிக் வளையம் கிளம்பி அவள் இடுப்புப் பட்டையின் கொக்கியில் மாட்டியிருந்தது. காற்றின் முழுப் பாரமும் அந்த வளையத்தில்தான். அதற்குச் சற்று மேலே கைப்பிடியளவு நீளத்தில் ஒரு சிவப்புக் குழாய். ஆபத்து என்றால் அதைத்தான் தள்ள வேண்டும், உடம்பை விட்டு வெளியே, கைட் இருக்கிற திசையில். தள்ளினால் வளையம் திறந்துவிடும், கைட் பலம் இழந்து ஒற்றை நூலில் தொங்கிக்கொண்டு தண்ணீரில் விழும். மூன்று நாளாகப் படித்த பாடம் இவ்வளவுதான். எல்.கே.ஜி. பிள்ளை கூட மதியத்துக்குள் படித்து முடித்துவிடும். நாற்பத்தாறு வயதில், இருபத்திரண்டு வருஷம் தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்து கடிதங்களுக்கு முத்திரை குத்திய கைக்கு மட்டும் ஏறவே மாட்டேன் என்கிறது. சொல்லிக்கொடுக்கிற பெனிட்டா முப்பதடி தள்ளி நின்று கையைக் குவித்துக் கத்தினாள். "அக்கா, கையத் தளர்த்துங்க! கோழிக் கழுத்தப் பிடிக்கிற மாதிரி பிடிக்காதீங்க!" வசுமதி தளர்த்தினாள். தளர்த்தினோம் என்று நினைத்தாள். விரல் மூட்டுகளைப் பார்த்தால் எல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தன.

விரலுக்கு மேல் வேறொரு கவலையும் இருந்தது, லீஷ். வளையம் திறந்த பிறகும் கைட்டையும் ஆளையும் சேர்த்துப் பிடித்திருக்கிற கயிறு அது. காலையில் அதை எங்கே மாட்டுவது என்பதில் ஒரு சின்ன வாக்குவாதம். பெங்களூர்ப் பையன் ஒருவன் லீஷை நீளமாக விட்டு முதுகுப்பக்கம் மாட்டியிருந்தான், பார்க்க லட்சணமாக இருந்தது. வசுமதிக்கு மட்டும் முன்னால், தொப்புளுக்குப் பக்கத்திலேயே ஒரு குட்டைக் கயிறு, கன்றுக்குட்டியைக் கட்டி வைத்த மாதிரி. எனக்கும் பின்னாலேயே மாட்டிவிடேன் என்று கேட்டாள். பெனிட்டா சிரிக்கவில்லை. "அது அந்தரத்துல குட்டிக்கரணம் அடிக்கிறவங்களுக்குக்கா. கைட்டு இழுத்துட்டுப் போறப்ப முதுகுல இருக்கிற கொக்கியத் தேடிட்டிருப்பீங்களா? பாக்கணும், ரெண்டு கைக்கும் எட்டணும். முன்னாடிதான்." சிவப்புக் குழாய் மாதிரியே லீஷின் நுனியிலும் கழற்றிவிட ஒரு குட்டி ரிலீஸ் உண்டு. அதை எப்போது தொட வேண்டும் என்றும் சொன்னாள். சிவப்பைத் தள்ளிய பிறகும் கைட் விடாமல் இழுத்தால் மட்டும், கடைசியிலும் கடைசியாக. பிறகு பழைய பார் ஒன்றை எடுத்துக் காட்டினாள், அதில் ரிலீஸ் தன் பக்கம் இழுக்கிற மாதிரி இருந்தது. "இது உங்களுக்கு வேணாம். பயந்தா உங்க கை உள்ள இழுக்குது. பார உள்ள இழுத்தா கைட்டுக்குப் பலம் கூடும். அதே கைக்கு இழுக்குற ரிலீசும் குடுத்தா எது எதுன்னு அதுக்குத் தெரியாது." உங்க கை, அது, என்று மூன்றாம் மனுஷியைப் பற்றிப் பேசுகிற மாதிரி பேசினாள். வசுமதிக்குக் கோபம் வரவில்லை, மூன்றாம் மனுஷிதான் அது. நேற்று ஒரு காற்று தூக்கியபோது பாரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பத்து கஜம் இழுபட்டுப் போனது யார்? பெனிட்டா அவள் இடுப்புப் பட்டையைப் பின்னாலிருந்து பிடித்துத் தொங்கிக்கொண்டே வந்து அவளுக்காகச் சிவப்பைத் தள்ளிவிட்டாள். கரைக்கு வந்ததும் குழாய்க்குள் புகுந்த மணலைத் தண்ணீரில் அலசி, முப்பது தடவை தள்ள வைத்தாள், கண்ணை மூடிக்கொண்டு பத்து தடவை. மணலில் நிற்கும்போது கை சமர்த்தாக இருந்தது, பரீட்சைக்கு முந்தின நாள் எல்லாம் தெரிந்த பிள்ளை மாதிரி. இன்று பெனிட்டா தொங்க மாட்டாள். இன்று தனியாக.

கரையில் கார் நிழலில் அவள் கணவர் ஞானவேல் நிற்கிறார். திரும்பிப் பார்க்கக் கூடாது, கைட்டைப் பார்க்கணும். ஆனாலும் அவர் அங்கே வலது காலுக்குப் பாரம் கொடுக்காமல் இடது காலில் சாய்ந்து நிற்பது முதுகுக்குத் தெரிந்தது. இந்த வயசுல உனக்கு எதுக்கு இது என்று ஒரே தடவைதான் கேட்டார். சும்மாதான் என்றாள். சும்மா யாராவது ராமநாதபுரத்திலிருந்து மூன்று நாள் லீவு போட்டுவிட்டு வந்து கடல் தண்ணீர் குடிப்பார்களா? தங்கச்சிமடத்துப் பெண் பெனிட்டா வெளிநாட்டுப் பார்சல் வாங்க மாதாமாதம் கவுண்டருக்கு வருவாள். ஒருநாள் உள்ளே உடைந்திருக்கிறதா பார்க்கணும் என்று அங்கேயே பிரித்தாள். இது என்னம்மா சிவப்பா என்று வசுமதி கேட்டது வெறும் பேச்சுக்கு. "இதுவா? பயந்தா இதத் தள்ளுனாப் போதும்க்கா, எல்லாம் விட்டுப்போயிரும்." அடுத்த ஆள் ஸ்பீட் போஸ்ட் என்று கவரை நீட்டினார். எடை போட்டாள், ஒட்டினாள், முத்திரை குத்தினாள், ஆனால் அந்த வாக்கியம் போகவில்லை. பயந்தா தள்ளுனாப் போதும். தள்ளுனாப் போதுமாம். சாப்பிடும்போது, பஸ்ஸில் நிற்கும்போது, அவர் காலுக்குத் தைலம் தேய்க்கும்போது. தைலம் தேய்க்கும்போது அதிகமாக. ஏழு மாதம் அதைச் சுமந்துவிட்டுத்தான் பெனிட்டாவிடம் எனக்குக் கத்துக்குடுப்பியா என்று கேட்டாள், கேட்டபோது குரல் திருடியின் குரல் மாதிரி இருந்தது.

கைட் இடப்பக்கம் நகர்ந்தது, மெதுவாக வலது கையைக் கீழே தாழ்த்தினாள், அது திரும்பி உச்சிக்கு வந்தது. இவ்வளவு பெரிய சாமான் இவ்வளவு சின்ன அசைவுக்குக் கட்டுப்படுகிறதே என்று சந்தோஷமாகக் கூட இருந்தது. ஸ்கூட்டரும் அப்படித்தான் கட்டுப்பட்டது, பதினெட்டு வருஷம். வேண்டாம், இப்போது அது வேண்டாம். ஆனால் வேண்டாம் என்று சொன்னால் போகிற ஞாபகமா? இரண்டு வருஷத்துக்கு முன் இதே ஆடி மாதம், கேணிக்கரை பக்கம், பின்னால் அவர் உட்கார்ந்திருக்கிறார், கீரைக்கட்டு மடியில், சாலைக்குக் குறுக்கே ஓர் ஆடு. ஆடு ஒன்றும் பாய்ந்து வரவில்லை, யோசித்து யோசித்துத்தான் வந்தது, நின்றுகூடப் பார்த்தது. பயந்த கை ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தது. இறுக்கிய இறுக்கில் ஆக்ஸிலேட்டர் முறுகியது. பிரேக்கின் பக்கம் விரல் போகவே இல்லை. வண்டி ஆட்டை விட்டுவிட்டு ஜல்லிக் குவியலில் ஏறியது. அவர் போய் விழுந்த சத்தம், கீரைக்கட்டு பிரிந்து ரோடெல்லாம் பச்சை. ஆடு அந்தக் கீரையைத் தின்ன வந்ததுதான் எல்லாவற்றையும் விட மோசம். சனம் கூடிவிட்டது. யாரோ என்னாச்சும்மா என்று கேட்டார்கள். கேட்டவர் முகம் ஞாபகமில்லை. அவள் வாய் சொன்னது மட்டும் ஞாபகம். "பிரேக் பிடிக்கலங்க."

மூன்று வார்த்தை கூட இல்லை. அவள் சொல்லவில்லை, வாய் சொன்னது, கை செய்ததை மூடிவைக்க வாய் ஓடி வந்தது, இரண்டும் கூட்டுக் களவாணிகள். அந்த நேரத்தில் அது பொய் என்றுகூடத் தோன்றவில்லை. பிறகுதான், ஆஸ்பத்திரியில் அவர் காலுக்குக் கம்பி வைத்து முடித்து மயக்கம் தெளிந்ததும், பல்லைக் கடித்துக்கொண்டு, "நாலு நாள் முன்னாடிதானடி காஜா பிரேக் கேபிள் மாத்தினான்" என்று சொன்னபோதுதான், அந்த வாக்கியம் யார் தலையில் போய் விழுந்தது என்று அவளுக்குப் புரிந்தது. காஜா மைதீன், அவரோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவர், மெக்கானிக், இவளைத் தங்கச்சி என்பார். மறுநாள் ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியுமாக வந்தார். ஞானவேல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். காஜா பாட்டிலை ஜன்னலில் வைத்துவிட்டுப் போனார். அப்போது சொல்லியிருக்கலாம். வராந்தாவில் பின்னால் ஓடியிருக்கலாம், ஓடவும் செய்தாள், தண்ணீர் கேன் வரை. ஞானவேலின் கால் ஆறட்டும் என்று நினைத்தாள். ஆறியது. வாக்கர் போகட்டும் என்று நினைத்தாள், போனது. அதற்குள் அவர் ஊரெல்லாம் சொல்லிவிட்டார், கேபிளை லூசா விட்டுட்டான், கூடப் படிச்சவன்னு நம்பினேன் என்று. சொல்லச் சொல்ல அந்தப் பொய் அவருடையதாகவே ஆகிவிட்டது, அவரிடமிருந்து அதைப் பிடுங்குவது எப்படி? ஸ்கூட்டரைத் தள்ளிவிட்டார்கள். காஜா வீட்டு நோன்புக் கஞ்சி வருவது நின்றது. காஜா மகள் கல்யாணப் பத்திரிகை வந்தது, வாசலில் யாரோ கொடுத்துவிட்டுப் போனார்கள். கல்யாணத்தன்றைக்கு ஞானவேல் பனியனோடு உட்கார்ந்து டி.வி. பார்த்தார், கிரிக்கெட் கூட இல்லை, ஏதோ சமையல் நிகழ்ச்சி. போயிட்டு வாங்களேன் என்றாள். அவன் முகத்துல எப்படி முழிக்கிறது என்றார். முழிக்க முடியாதவள் இங்கே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கிறாள் என்று அவருக்குத் தெரியாது.

"அக்கா, காத்து வருது! பாத்துக்கங்க!" தண்ணீர் மேல் கறுப்பாக ஒரு சுருக்கம் ஓடி வருவதை அவளும் பார்த்தாள், பெனிட்டா சொல்லிக்கொடுத்த மாதிரியே, கறுப்பு வந்தால் காற்று வருகிறது என்று அர்த்தம். பாரை விடணும், முதலில் வெறுமனே விடணும், விட்டால் பாதி பலம் போய்விடும். இதோ விடுகிறேன். விடவில்லை. கை உள்ளே இழுத்தது, நெஞ்சுக்கு, எலும்போடு சேர்த்து. கைட் இடப்பக்கம் சாய்ந்து தண்ணீரை நோக்கிப் பாய்ந்தது, இடுப்பில் யாரோ அடித்த மாதிரி ஓர் உதறல், கால் மணலை விட்டுவிட்டது. முகம் தண்ணீரில். மூக்கு, தொண்டை, உப்பு. ஒரு நொடி வானம், மறுபடி தண்ணீர். போகிறது, இழுத்துக்கொண்டு போகிறது, விடு, விடுடி, கை விடவில்லை. கண் திறந்தபோது அந்தச் சிவப்பு அரை முழத்தில் இருந்தது, அவ்வளவு பக்கத்தில், அவ்வளவு சிவப்பாக, பார்த்துக்கொண்டே இழுபட்டாள். அப்போது அது வந்தது. வாய்க்குள் தண்ணீரோடு தண்ணீராக ஒரு வாக்கியம் உருண்டு திரண்டு தயாராக இருந்தது. ரிலீஸ் வேலை செய்யலம்மா. முழு வாக்கியம், மரியாதையோடு, பெனிட்டாவிடம் சொல்ல. கை இன்னும் அங்கே போகவே இல்லை, வாய்க்கு அதற்குள் பதில் ரெடி. கரையில் கூடப்போகிற நாலு பேர், அவர்கள் என்னாச்சு என்று கேட்கப் போவது, இவள் ஈரத்தோடு நின்று இதைச் சொல்லப் போவது, நேற்று அந்தக் குழாயை மணல் போக அலசிய அந்தப் பெண் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்க்கப் போவது, எல்லாம் தெரிந்தது. சீ என்று வந்தது அவளுக்கு. பயத்தைவிட அந்தச் சீ பெரிதாக இருந்தது. வலது கை பாரிலிருந்து கழன்றது, சிவப்பைப் பிடித்தது, தள்ளியது.

டக் என்று ஒரு சத்தம் கேட்டது, அவ்வளவுதான். இடுப்பைப் பிடித்திருந்த பாரம் எங்கே போனது என்று தெரியவில்லை. இத்தனை நேரம் இழுத்த அந்த ராட்சசப் பட்டம் தொலைவில் துவண்டு, கொடியில் நழுவிய போர்வை மாதிரி தண்ணீரில் விழுந்து கிடந்தது. காது அடைத்திருந்தது திறந்துகொண்டது. அலை, பெனிட்டாவின் குரல், எங்கோ ஒரு வள்ளத்தின் மோட்டார். வசுமதி மல்லாந்து கிடந்து இருமினாள், இருமிக்கொண்டே சிரித்தாள். தள்ளிட்டேன், தள்ளிட்டேண்டி அம்மா, நான்தான் தள்ளினேன், வேற யாரும் இல்ல. மூக்கு எரிந்தது, அந்த எரிச்சல்கூட நன்றாக இருந்தது. தள்ளுவது இவ்வளவு சுலபமா, இதற்கா இரண்டு வருஷம்? குஷியில் கை தொப்புளுக்குப் பக்கத்திலிருந்த லீஷின் ரிலீசுக்கும் போனது, அதையும் விட்டுவிடுவோமே, எல்லாவற்றையும் விட்டுவிடுவோமே என்று. "அக்கா! அது வேணாம்! அதத் தொடாதீங்க!" பெனிட்டா நீந்தி வந்துகொண்டே அலறினாள். "இழுக்கலல்ல? இழுக்கலன்னா விடாதீங்க. விட்டா கைட்டு பறந்து போயி வள்ளத்துல நிக்கிறவங்க மேல விழும். கைட்டப் பிடிச்சு மிதந்துக்கலாம். இருக்கட்டும் அது." வசுமதி நல்ல பிள்ளையாகக் கையை எடுத்துவிட்டாள். லீஷ் முன்னால் அவள் கண்ணெதிரே லேசாகத் தொங்கி மிதந்தது. அது அங்கே இருந்தது அவளுக்குப் பிடித்திருந்தது. "கால ஊனுங்கக்கா" என்றாள் பெனிட்டா மூச்சிரைக்க. ஊன்றினாள், தண்ணீர் மார்பு வரைதான். இவ்வளவு நேரமும் நிற்கக்கூடிய தண்ணீரிலா மிதந்துகொண்டிருந்தோம் என்று இருவரும் சிரித்த சிரிப்பில் பெனிட்டாவுக்கு விக்கல் வந்துவிட்டது.

கரைக்கு நடந்தபோது ஞானவேல் பேன்ட்டோடு முழங்கால் தண்ணீரில் இறங்கி வந்திருந்தார். கம்பி வைத்த காலை மணல் இழுக்கிறது, தடுமாறுகிறார், ஆனாலும் நிற்கவில்லை. முகம் வெளிறிப்போயிருந்தது. அவள் தோளைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார், அடிபடவில்லை என்று தெரிந்ததும் பயமெல்லாம் கோபமாக மாறி, நூலைச் சுருட்டிக்கொண்டிருந்த பெனிட்டாவின் பக்கம் திரும்பியது. "என்னம்மா சாமான் இது? அவ அந்த இழுப்பு இழுபடுறா, திறக்கவே மாட்டேங்குது? ஒழுங்காப் பாத்து மாட்டியா இல்லியா?" பெனிட்டா குனிந்து அந்தச் சிவப்புக் குழாயைக் கையில் எடுத்தாள். வசுமதி அந்தக் கையைப் பார்த்தாள். "சாமான் நல்லாத்தாங்க இருந்துச்சு" என்றாள். "தொட்டதும் திறந்துச்சு. நான்தான் தொடல. பயத்துல இழுத்துப் பிடிச்சுட்டேன்." சரி விடு என்பது போல அவர் தலையசைத்தார். அங்கேயே நிறுத்தியிருக்கலாம், யாரும் கேட்கவில்லை. ஆனால் பாரம் இறங்கின ருசி இன்னும் உடம்பில் இருந்தது. "அன்னைக்கும் அப்படித்தாங்க. கேணிக்கரையில. பிரேக் நல்லாத்தான் இருந்துச்சு. நான் பிடிக்கவே இல்ல. ஆக்ஸிலேட்டர முறுக்கிட்டேன். காஜா அண்ணன் மேல ஒரு தப்பும் இல்ல."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு கடலைப் பார்த்தார். அலை வந்து அவர் பேன்ட்டை நனைத்துப் போனது, இன்னொன்று வந்தது. "அவன் மக கல்யாணத்துக்கு நான் போகலடி" என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி அவள் கேட்டதே இல்லை. "தெரியும்" என்றாள். திட்டுவார் என்று காத்திருந்தாள், திட்டினால் வாங்கிக்கொள்ள உடம்பு தயாராகவே இருந்தது. எவ்வளவு திட்டினாலும் இன்று வலிக்காது என்றும் தெரிந்தது. அவர் திட்டவில்லை. கரையேறி, காருக்குப் போய், போனை எடுத்து ரொம்ப நேரம் தேய்த்துக்கொண்டிருந்தார். காஜாவின் நம்பரை அவர் அழிக்கவில்லை போலிருக்கிறது. மணி போகிற சத்தம் வந்ததும் போனை அவளிடம் நீட்டினார். "நீயே சொல்லு. எனக்கு வாய் வராது." ஈரக்கையில் போன் வழுக்கியது. நாலாவது மணியில் எடுத்துவிட்டார்கள். "ஞானம்? டேய், ஞானமா?" நான் வசுமதிண்ணே என்றாள். "தங்கச்சி... அவனுக்கு ஒண்ணுமில்லியே?" ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, மற்றதையும் சொன்னாள், ஆட்டிலிருந்து தொடங்கி, மூச்சு விடாமல், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு சொல்கூடச் சேர்க்காமல். அந்தப் பக்கம் பட்டறைச் சத்தம் மட்டும் கேட்டது, ஏதோ ஒரு வண்டியை உறுமவிட்டுப் பார்க்கிறார்கள். ஞானவேல் காரில் சாய்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப அந்தக் கேபிள்..." என்றார் காஜா. "நான் மாட்டுனது... நல்லாத்தான் மாட்டிருந்தேனா?" நல்லாத்தான் மாட்டிருந்தீங்கண்ணே என்றாள். "அப்பாடா" என்றார் காஜா, அழுகிற குரலில். "ரெண்டு வருசமா நான் யார் வண்டிக்கும் பிரேக்குல கை வைக்கிறதில்ல தங்கச்சி. இருக்கிற வேலையப் பாத்துட்டு, பிரேக்குன்னா மட்டும் வேற கடைக்குப் போங்கன்னு அனுப்பிருவேன். இரு, லைன்லயே இரு, அவன்கிட்ட இப்பவே குடுத்துறாத." போனைக் கீழே வைக்காமலே அவர் யாரையோ கூப்பிட்டது அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. "சார், பிரேக்குன்னு வந்தீங்கள்ல, போயிறாதீங்க. வாங்க. நானே பாக்குறேன்."